டப்பா மேல் சூரியன்

ஜூன் 3, செவ்வாய்

இதை எழுதுகிறவன் ராக்கியப்பன். ஊர் ஈரோடு. வயது எழுபத்தொன்று.

இவ்வளவு எழுதுவதற்குள் காபி ஆறிவிட்டது. பரவாயில்லை.

ஜூன் 4, புதன்

தினமும் எழுதிப் பழகச் சொன்னார் பரிமளா டீச்சர். மாநகராட்சிப் பள்ளியில் சாயங்காலம் எங்களைப் போன்ற கிழடுகளுக்குப் பாடம் எடுப்பவர் அவர்தான். என்ன எழுதுவது என்று கேட்டேன். "என்ன சாப்பிட்டீங்கன்னு எழுதுங்க ஐயா" என்றார்.

காலை இட்லி. மதியம் சோறு, கொள்ளு ரசம். இரவு இட்லி.

ஜூன் 8, ஞாயிறு

இன்று வகுப்பு இல்லை. அதனால் பெரிதாக எழுதப் போகிறேன்.

மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்கிய காலத்தில் ஒவ்வொரு மூட்டையிலும் எழுத்து இருக்கும். அது என் முதுகில் ஏறி இறங்கியதே தவிர மண்டையில் ஏறவில்லை. இப்போது கடைத்தெருவுக்குப் போனால் திரும்பி வர நேரமாகிறது. ஒரு பலகையையும் விட மனம் வருவதில்லை. 'சூடான போண்டா'. 'செருப்பை வெளியே விடவும்'. 'நாய் ஜாக்கிரதை'. ரயில்வே காலனிச் சுவரில் பெரிய எழுத்தில் ஏதோ எழுதியிருப்பதை வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். இன்று நின்று படித்தேன். 'இங்கே சிறுநீர் கழிக்காதீர்'. இத்தனை வருடமாக அவசரத்துக்கு நான் ஒதுங்கிய சுவர் அதுதான். வீட்டுக்கு வந்து பாவாயியிடம் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் வாக்கர் நழுவப் பார்த்தது.

பாவாயி என் மனைவி. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து வாக்கரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். சர்க்கரையும் உண்டு, ரத்தக்கொதிப்பும் உண்டு.

எங்களுக்கு ஒரே மகள், மேகலா. ரயில் ஓட்டுகிறாள். சரியாகச் சொன்னால் சரக்கு ரயிலில் துணை ஓட்டுநர். நாங்கள் இருப்பது அவளுக்குக் கொடுத்த ரயில்வே குவார்ட்டர்ஸ். பின்வாசலில் துணி துவைக்கும் கல் பக்கம் நின்றால் தண்டவாளமும் சிக்னல் கம்பமும் தெரியும்.

அவள் வேலைக்கு இன்ன நேரம் என்று கிடையாது. போன் வரும். வந்தால் இரண்டு மணி நேரத்தில் போய் நிற்க வேண்டும். அதற்குள் இட்லி ஊற்றி வைத்து, அம்மாவுக்குத் தலை வாரிவிட்டு, மூன்று டப்பாவில் மாத்திரைகளைப் பிரித்துப் போட்டுவிட்டு, சீருடையை மாட்டிக்கொண்டு ஓடுவாள். திரும்பி வர ஒரு நாளும் ஆகலாம், இரண்டு நாளும் ஆகலாம்.

அப்போது எனக்குப் படிக்கத் தெரியாது என்பதால் அந்த டப்பாக்களின் பக்கவாட்டில் படம் வரைந்து வைத்திருக்கிறாள். காலைக்குச் சூரியன். மதியத்துக்குச் சோற்றுத் தட்டு. இரவுக்கு நிலா. காலையில் டப்பாவை எடுத்துக்கொண்டு போனால் பாவாயி, "சூரியனுங்களா?" என்பாள். "ம்" என்பேன். ராத்திரி, "நெலாவுங்களா?" என்பாள். "ம்." தினமும் இதே கேள்வி. வயதானால் குழந்தைப் புத்தி வந்துவிடும் போலிருக்கிறது.

மேகலாவுக்கும் ஒரு கிறுக்கு இருக்கிறது. ஆட்டோவில் போகும்போது சாலையில் விளக்கு மாறினால் கையை நீட்டி "பச்சை" என்கிறாள். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கிறார்.

"எஞ்சின்ல அப்படித்தாம்ப்பா" என்றாள். "சிக்னலைப் பாத்தா ரெண்டு பேரும் கை நீட்டி வாய்விட்டுச் சொல்லணும். ஓட்டுநரு சொன்னா நான் திருப்பிச் சொல்லணும். பழகிப்போச்சு."

கை வலிக்கிறது. போதும்.

ஜூன் 11, புதன்

மேகலா காலையில் வந்தாள். இட்லித் தட்டைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்து தூங்கிவிட்டாள். நான் தட்டை வாங்கி வைத்தேன். சட்டென்று விழித்து, "அம்மாவுக்கு மாத்தரை?" என்றாள். "ஆச்சு கண்ணு" என்றேன். மறுபடி தூங்கினாள். ஒரு கையில் சட்னி அப்படியே இருந்தது.

ஜூன் 12, வியாழன்

மேகலா ஓட்டுநர் தேர்வில் தேறிவிட்டாள். இனித் துணை ஓட்டுநர் இல்லை, ஓட்டுநரே. ஆனால் அதற்கு முன் சென்னைப் பக்கம் போய் இரண்டு மாதம் அங்கேயே தங்கிப் பயிற்சி எடுக்க வேண்டும்.

இதை அவள் எங்களிடம் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு ஸ்டெல்லாதான் சொன்னார். அவர் கணவர் ரயில்வேயில் கார்டு. மேகலாவிடம் கேட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம்னு எழுதிக் குடுத்தறலாம்னு இருக்கேம்ப்பா."

"எதுக்கு?"

"ஒரு நா ரெண்டு நான்னா பரவால்ல. ரெண்டு மாசம் உங்களை எப்படி உட்டுட்டுப் போறது?"

வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் ஒரு வருடத்துக்குக் கூப்பிட மாட்டார்களாம். பின்னால் வேலைக்கு வந்தவர்கள் முன்னால் போய்விடுவார்களாம். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். இதையெல்லாம் சொல்லிக்கொண்டே உரித்தாள். கடைசியில் அந்த வெங்காயத்தில் ஒன்றும் மிச்சமில்லை.

ஜூன் 13, வெள்ளி

ஒரு யோசனை வந்திருக்கிறது. எனக்குத்தான் படிக்கத் தெரியுமே! படம் பார்த்து மாத்திரை கொடுக்கிற அப்பனை நம்பி எந்த மகள் ஊருக்குப் போவாள்? படித்துக் கொடுக்கிற அப்பன் என்றால் நம்புவாள்.

முதலில் மாத்திரை அட்டைகளை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் இங்கிலீஷ். டீச்சர் அந்தப் பக்கம் இன்னும் வரவில்லை. சரி, டப்பா இருக்கிறது. தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் படம் அழிந்துவிடுகிறது. டப்பாவின் வயிறு வளைவு. அதில் எழுதினால் பேனா வழுக்குகிறது. மூடி தட்டை. மூடியில் எழுதினேன். காலை. மதியம். இரவு. 'இ' மட்டும் கொஞ்சம் சாய்ந்துவிட்டது.

பாவாயி கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏனுங்க, சூரியன் நல்லாத்தான இருந்துச்சு?"

"அது படிக்காதவனுக்கு."

"அப்ப எனக்கு?"

"உனக்குத்தான் நான் இருக்கறனே."



ஜூன் 16, திங்கள்

மூடிகளை மேகலாவிடம் காட்டினேன். "நீங்களா எழுதுனீங்க?" என்று விரலால் தடவிப் பார்த்தாள். பயிற்சிக்குப் போய்விட்டு வா கண்ணு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "மாசக் கடைசி வரைக்கும் டைம் இருக்குதுப்பா, பாக்கலாம்" என்றாள். முடியாது என்று சொல்லவில்லை. பாக்கலாம் என்றாள்!

வகுப்பில் டீச்சர் என்னைப் பாராட்டினார். மற்றவர்கள் முணுமுணுத்துப் படிக்கிறார்களாம். நான் உதடு அசையாமல் மனத்துக்குள்ளேயே படிக்கிறேனாம். "ஐயா ஆபீசர் மாதிரி படிக்கறாரு" என்றார். வீட்டுக்கு வந்தும் ஆபீசராகவே இருந்தேன்.

பாவாயியும் இப்போது சூரியனா நிலாவா என்று கேட்பதில்லை. நான் மூடியைப் பார்த்துக் கொடுக்கிறேன். வாங்கி விழுங்குகிறாள். வீடு அமைதியாக இருக்கிறது.

விளக்குதான் சரியில்லை. எழுத்தெல்லாம் புகைக்குள் இருப்பது போல் தெரிகிறது. நல்ல பல்பாக வாங்க வேண்டும்.

ஜூன் 18, புதன்

மேகலா டப்பாக்களை நிரப்பிவிட்டுப் பாலக்காட்டுப் பக்கம் வண்டிக்குப் போனாள்.

ஸ்டெல்லா வேலி ஓரம் நின்று, "ஐயா, மேகலா பயிற்சிக்குப் போனா நான் காலையும் சாயங்காலமும் வந்து எட்டிப் பாக்கட்டுங்களா? எங்கிட்ட சுகர் பாக்கற மிஷின் இருக்குது" என்றார். "வேண்டாம் அம்மிணி, நானே பாத்துக்குவேன்" என்றேன். ரவிக்கை தைத்துக் கொடுத்தே அவருக்கு இடுப்பு ஒடிகிறது. தவிர, எதற்கு ஒருத்தர் வாசலில் போய் நிற்பது?

மதியம் சாம்பார்ப் பாத்திரம் சாய்ந்து டப்பாக்களின் மேல் கொட்டிவிட்டது. மூன்று மூடியையும் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, திரும்ப மூடி வைத்தேன். எழுத்து அழியவே இல்லை. நல்ல மை.

ஜூன் 19, வியாழன்

இன்று எழுதவில்லை. விரல் வலி.

ஜூன் 20, வெள்ளி

இட்லி.

ஜூன் 21, சனி

விரல் வலி என்று எழுதினேன். விரல் நன்றாகத்தான் இருந்தது.

புதன் இரவு சாப்பாட்டுக்குப் பின் 'இரவு' என்று மூடியில் எழுதிய டப்பாவை எடுத்துக்கொண்டு போனேன். பாவாயி மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"ஏனுங்க, இது காலையில போடற குட்டி மாத்தரையாட்ட இருக்குதுங்க."

"மூடியில என்ன எழுதியிருக்குது தெரியுமா? இரவுன்னு எழுதியிருக்குது."

"எழுதியிருக்கலாமுங்க. ஆனா இது..."

"உனக்குத் தெரியுமா, எழுத்துக்குத் தெரியுமா?"

விழுங்கினாள்.

விடிந்ததும் காபி போட்டுக்கொண்டு போய் எழுப்பினேன். எழவில்லை. வேர்த்து, சேலை நனைந்து, உடம்பு சில்லென்று இருந்தது. கண்ணைத் திறந்தாள். என்னை யார் என்று தெரியவில்லை. நான் ஓடிப்போய் டப்பாவை எடுத்தேன். மூடியைப் படித்தேன். மறுபடியும் படித்தேன். படித்துக்கொண்டே நின்றேன். பிறகுதான் வேலிப் பக்கம் ஓடிக் கத்தினேன்.

ஸ்டெல்லா தலைமுடியைக்கூடக் கட்டாமல் அப்படியே ஓடி வந்தார். விரலில் குத்திப் பார்த்தார். "சர்க்கரை அடியோட எறங்கிருச்சுங்க ஐயா. சீனித் தண்ணி கலக்குங்க. நிக்காதீங்க, கலக்குங்க!" கொஞ்சம் கொஞ்சமாக அவரே புகட்டினார். சற்று நேரத்தில் பாவாயிக்கு என்னைத் தெரிந்தது. "எதுக்குங்க அழுவறீங்க?" என்றாள். பிறகு ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். காலைச் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய சர்க்கரை மாத்திரையை ராத்திரி போட்டதால் வந்தது என்றார் டாக்டர். இன்னும் தாமதமாகியிருந்தால், என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

கழுவி வைத்தபோது மூடிகளை மாற்றிப் போட்டிருக்கிறேன். காலை டப்பாவுக்கு இரவு மூடி. எழுத்து சரியாகத்தான் இருந்தது.

மேகலா எஞ்சினில் இருந்ததால் போன் அணைந்திருந்தது. வண்டியை விட்டு இறங்கிய பிறகுதான் ஸ்டெல்லா சொல்லித் தெரிந்துகொண்டாள். சீருடையோடு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பாவாயி நேற்று வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஜூன் 22, ஞாயிறு

மேகலா பேனாவும் தாளும் எடுத்து உட்கார்ந்தாள். பயிற்சி வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க. எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். எவ்வளவு வேகமாக எழுதுகிறாள்! இங்கிலீஷ்தான். ஆனாலும் எனக்கு எல்லாம் புரிந்தது.

பாவாயி வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள்.

"அம்மிணி, அந்தப் பேனாவ வெய்யி."

"நீங்க போய்ப் படுங்கம்மா."

"படுத்துட்டுத்தான இருக்கறேன்? ஒண்ணு கேக்கறேன் சொல்லு. உங்கப்பா படத்தப் பாத்து மாத்தரை குடுத்தப்ப எந்நாளாச்சும் மாறுச்சா?"

"இல்ல."

"ஏன் மாறல? நான் கேப்பேன்ல, சூரியனான்னு? டப்பாவப் பாத்துட்டு, மாத்தரையப் பாத்துட்டுத்தான் கேப்பேன். இவரு எழுத்தப் போட்டதுக்குப் பொறகு நான் என்னத்தக் கேக்கறது? மனசுக்குள்ளயே படிச்சுக்கறாரு. எனக்கு என்ன தெரியும்? படிச்ச மகராசரு கொஞ்சம் வாயத் தொறந்து படிச்சா முத்து உதுந்துருமா?"

நான் சுவரில் நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் படிக்க ஒன்றும் இல்லை.

மேகலா அம்மாவையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன்.

"எங்கூட வர்ற ஓட்டுநரு எத்தனை வருச சர்வீஸ் தெரியுமாப்பா? அவரே சிக்னலை மனசுக்குள்ள பாத்துட்டுப் போக முடியாது. அவருஞ் சொல்லணும், நானுஞ் சொல்லணும். ஒருத்தரு கண்ணு ஏமாந்தாலும் இன்னொருத்தரு விட மாட்டாங்கன்னுதான் ரெண்டு பேரை ஏத்தறாங்க. ஏம்மா, நீங்க எங்க போயி இந்த டிரெயினிங் எடுத்தீங்க?"

"உங்கப்பாகூடக் குடும்பம் நடத்துனனே, அது பத்தாதா?"

எட்டாம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். குழந்தைப் புத்தி என்று எழுதியிருக்கிறேன். அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். அடிக்கவில்லை. இருக்கட்டும்.

மேகலா அந்தத் தாளைக் கிழிக்கவில்லை. மடித்து அலமாரியில் வைத்திருக்கிறாள்.

ஜூன் 23, திங்கள்

"மூடி ஊர் சுத்தும்ப்பா, படமும் எழுத்தும் டப்பா மேலதான் இருக்கணும்" என்றாள் மேகலா. சூரியனைத் திரும்ப வரையப் போனவளிடமிருந்து பாவாயி பேனாவை வாங்கிக்கொண்டாள். எனக்குத் தெரிந்து அவள் பேனா பிடிப்பது இதுதான் முதல் தடவை. நாக்கைக் கடித்துக்கொண்டு வரைந்தாள். சூரியன் நண்டு மாதிரி வந்தது. நிலா தேவலாம். சோற்றுத் தட்டில் ஒரு அப்பளமும் வைத்தாள்.

பக்கத்தில் நான் எழுத வேண்டும். வளைவில் பேனா வழுக்கியது. அவள் இரண்டு கையாலும் டப்பாவை அசையாமல் பிடித்துக்கொண்டாள். எழுதிவிட்டேன். மூடியில் இனி ஒன்றும் கிடையாது.

ஜூன் 24, செவ்வாய்

இப்போது எங்கள் வீட்டில் மாத்திரை போடுவது இப்படித்தான். நான் டப்பாவைக் காட்டிக் கையை நீட்டி, "காலை!" என்று சொல்ல வேண்டும். பாவாயி கையை நீட்டி, "சூரியன்!" என்று சொல்ல வேண்டும். பிறகு அவள் மாத்திரையைக் கையில் வாங்கி, "குட்டி வெள்ளை, நீட்டு மஞ்சள்!" என்பாள். நான் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒருவர் சொல்லாவிட்டால் மாத்திரை வாய்க்குள் போகக் கூடாது. மேகலா ஸ்டூலில் உட்கார்ந்து அதிகாரி மாதிரி பார்த்தாள். "சத்தம் பத்தல. எஞ்சின் சத்தத்துல கேக்காது" என்றாள். நாங்கள் கத்தினோம்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஸ்டெல்லா, "என்னங்க ஐயா, வண்டி பொறப்பட்டுருச்சுங்களா?" என்றார்.

ஜூன் 25, புதன்

ஸ்டெல்லா வாசலில் போய் நின்றேன்.

"அம்மிணி, அன்னிக்கு நீ கேட்டதுக்கு நான் வேண்டாம்னு சொல்லிட்டேன்..."

"எப்பங்க ஐயா? எனக்கு ஞாபகமே இல்லையே" என்றார் அவர், தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே. "காலையில ஏழு மணிக்கு வரட்டுங்களா?"

பாவாயி சும்மா இருக்க மாட்டேன் என்கிறாள். ஸ்டெல்லா தைக்கும் ரவிக்கைகளுக்குக் கொக்கி கட்டிக் கொடுக்கப் போகிறாளாம். அவளுக்கு இடுப்புதான் சரியில்லை, கண்ணும் விரலும் குமரிக்கு இருப்பது போல் இருக்கின்றன.

ஜூன் 29, ஞாயிறு

அலமாரியில் இருந்த தாளைக் காணோம். மேகலா வேறு தாள் எழுதிக் கொடுத்துவிட்டாளாம். போகிறேன் என்று.

பாயசம். பாவாயிக்கு ஒரு கரண்டி மட்டும்.

ஜூலை 7, திங்கள்

மேகலா புறப்பட்டாள். வாசல் வரைக்கும் போவதும், திரும்பி வந்து எதையாவது சொல்வதுமாக இருந்தாள். பால் பொங்கிவிடும் பார்த்துக்கொள்ளுங்கள். குளியலறையில் ஈரம் இருக்கக் கூடாது. டப்பா தீர்ந்தால் ஸ்டெல்லாவிடம் சொல்லி நிரப்பிக்கொள்ளுங்கள். கடைசியில் பாவாயி, "அம்மிணி, ரயிலு உனக்காக நிக்காது. நீ இன்னும் ஓட்டுநரு ஆகல" என்றாள்.

அவள் போன பிறகு வீடு பெரிதாகிவிட்டது. சத்தமாக "இரவு" என்றேன். "நெலா" என்றாள் பாவாயி.

ஜூலை 20, ஞாயிறு

போனில் ஸ்பீக்கரைப் போட்டு, மேகலா கேட்கும்படி மாத்திரை போட்டோம். அவளோடு தங்கியிருக்கும் பெண்களும் கேட்டிருக்கிறார்கள். நாங்கள் "சூரியன்" என்றதும் அங்கிருந்து நாலைந்து குரல் சேர்ந்து "சூரியன்!" என்றது. பாவாயிக்கு வெட்கம் வந்து போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பாவாயிக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். சர்க்கரையும் ஏறியிருக்கிறது என்று ஸ்டெல்லா மிஷினில் பார்த்துச் சொன்னார். டாக்டரிடம் போனோம். புது மாத்திரை கொடுத்தார். அதற்குப் பாவாயி ஒரு குடை வரைந்தாள். ஏன் குடை என்று கேட்டேன். "நனஞ்சா வர்ற காச்சலுக்குக் கொடைதான" என்றாள்.

மேகலா லீவு போட்டு வருகிறேன் என்றாள். பாவாயி போனை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

"நீ வந்து என்ன காச்சல வாங்கிக்கப் போறியா? ரயிலப் படி. இங்க ரெண்டு பேரு இருக்கறோம். ஸ்டெல்லாவோட மூணு."

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காய்ச்சல் விட்டது. குடையை மடக்கியாயிற்று.

ஆகஸ்ட் 18, திங்கள்

பரிமளா டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "புத்தகத்தை மூக்காலயா படிக்கறீங்க ஐயா?" என்றார். கண் ஆஸ்பத்திரிக்கு அவரே சீட்டு எழுதிக் கொடுத்தார். போய்ப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் புரை.

பல்பு மேல் பழி போட்டுவிட்டேன். புதுப் பல்பு வேறு வாங்கிவிட்டேன்.

மேகலா வந்த பிறகு ஆபரேஷன். அதற்குப் பின் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட வேண்டுமாம். அந்தப் புட்டிக்கு என்ன படம் போடுவது என்று பாவாயி இப்போதே யோசிக்கிறாள்.

செப்டம்பர் 28, ஞாயிறு

இன்று மேகலாவுக்கு ஓட்டுநராக முதல் வண்டி. வந்து சேர்ந்து பதினைந்து நாளைக்கு மேல் ஆகிறது. புது ஆர்டர் நேற்றுத்தான் கிடைத்தது. டப்பாக்களை நிரப்பிவிட்டுத்தான் போனாள். போகும்போது என் காலையும் அம்மா காலையும் தொட்டுக் கும்பிட்டாள். "வண்டி நம்ம வீட்டுப் பின்னாடிதான் நிக்கும். ஆனா நான் திரும்பிப் பாக்க மாட்டேன், கையாட்ட மாட்டேன். கோவிச்சுக்காதீங்க" என்றாள்.

பாவாயியை மெல்ல நடத்தித் துவைக்கிற கல் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்டெல்லா நாற்காலி போட்டார். பாவாயி உட்கார மாட்டேன் என்றுவிட்டாள். சரக்கு வண்டி வந்து சிக்னலுக்கு நின்றது. எஞ்சின் எனக்கு ஒரு பெரிய நிழல் மாதிரி தெரிந்தது.

"இருக்கறாளா?" என்றேன்.

"இருக்கறாளுங்க. ஜன்னல்ல."

"நம்மளப் பாக்கறாளா?"

"இல்லீங்க. நேரா சிக்னலத்தான் பாக்கறா." சொல்லும்போது பாவாயியின் குரல் உயர்ந்திருந்தது. அவளும் மகளைப் போலவே சிக்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கம்பம் இருக்கிற இடத்தில் எனக்கு ஒரு கலங்கல்தான் தெரிந்தது. சிவப்பா, மஞ்சளா, ஒன்றும் தெரியவில்லை. அடுத்த வாரம்தான் ஆபரேஷன்.

பாவாயி வாக்கரிலிருந்து ஒரு கையை எடுத்து நேராக நீட்டினாள்.

"பச்சை!"

நான் பார்த்தேன் என்று எழுத மாட்டேன். நான் பார்க்கவில்லை. அவள் சொன்னாள். நானும் கையை நீட்டி, எஞ்சின் சத்தத்தில் கேட்கும்படி, திருப்பிச் சொன்னேன்.

"பச்சை!"

வண்டி நகர்ந்தது.